ஹோம் ரன் கடல் தாண்டுமா?

2022 அக்டோபர் 3. தோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில் யாகுல்ட் ஸ்வாலோஸ் பேஸ்பால் அணிக்கு அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். முனேதகா முராகாமி என்ற இளைஞர் அன்று கடைசி முறையாக மட்டையோடு வந்து நின்றார். செப்டம்பர் 13 அன்றே 55-ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டவர், அதன்பின் 20 நாள் ஒன்றுகூட அடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். வந்த பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். 56. ஜப்பானில் பிறந்த எவரும் ஒரே பருவத்தில் அவ்வளவு அடித்ததில்லை. சதஹாரு ஓ 1964-இல் அடித்த 55தான் அதுவரை உச்சம். முராகாமிக்கு அப்போது வயது 22.

மூன்று ஆண்டுகள் கழித்து அவர் அமெரிக்காவுக்குப் போக ஆயத்தமானபோது அங்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'வயது 25, கையில் 56 ஹோம் ரன் சாதனை, இன்னும் என்ன யோசனை, உடனே ஒப்பந்தம் போடுங்கள்' என்றது ஒரு கட்சி. மற்றக் கட்சி வேறு எண்களை எடுத்துப் போட்டது: 2023-இல் 168 ஸ்டிரைக் அவுட், 2024-இல் 180. ஸ்டிரைக் அவுட் என்றால் மூன்று ஸ்டிரைக் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்துகள்) வாங்கி, பந்தை எங்கும் அடிக்காமலே வெளியேறுவது. ஜப்பானிய வீச்சையே தொட முடியாதவர் இங்கே வந்து என்ன செய்வார் என்பது அவர்கள் கேள்வி.

பேஸ்பால் சண்டைகளில் பொதுவாக எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. இது மட்டும் பிடித்திருந்தது. இரு கட்சியும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசினாலும் இயற்பியலின் இரண்டு தனித்தனிக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நின்றன. பட்டால் எவ்வளவு பலமாகப் படும் என்பது ஒன்று. எத்தனை முறை படும் என்பது இன்னொன்று. முதலாவது விமானத்தில் ஏறி வீரரோடு வந்துவிடும். இரண்டாவது வருமா என்பதுதான் பல கோடி டாலர் கேள்வி.

முதலில் மோதலைப் பார்ப்போம். மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு மில்லி நொடிகூட இல்லை. அதற்குள் பந்து நசுங்கி, நின்று, திரும்பி, மீண்டும் உருண்டையாகிக் கிளம்பிவிடுகிறது. இலினாய் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆலன் நேதன் இந்த மோதலைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவர் கையாளும் கணக்கு எளியது: வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், மட்டையின் வேகத்தை 1.2-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டினால் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் கிடைத்துவிடும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வந்து சேரும் பந்தை 120 கி.மீ. வேகத்தில் சுழலும் மட்டை நடுவில் பிடித்தால், 28-ம் 144-ம் சேர்ந்து 172 கி.மீ.

இதில் மட்டையின் பங்கு பந்தின் பங்கைப்போல் ஆறு மடங்கு எடையுள்ளது. பிட்சர் 10 கி.மீ. கூடுதல் வேகத்தில் வீசினால், சரியாக அடிபட்ட பந்து 2 கி.மீ. கூடுதல் வேகத்தோடு திரும்பிப் போகும், அவ்வளவுதான். ஆக, வேகமான வீச்சு பலசாலியின் பலத்தைக் குறைப்பதில்லை, கொஞ்சம் கூட்டிக்கூட விடுகிறது. 2023 உலக பேஸ்பால் கிளாசிக் இறுதிப் போட்டியில் மயாமியில் முராகாமி ஒரு ஹோம் ரன் அடித்தார், அமெரிக்கப் பிட்சரின் பந்தில். கிளம்பிய வேகம் மணிக்குச் சுமார் 185 கி.மீ. மேற்சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், மட்டையின் வேகம் 130 கி.மீ.யை ஒட்டி வரும். அமெரிக்காவிலும் அந்த வேகத்தில் மட்டையைச் சுழற்றுபவர்கள் மிகச் சிலரே. முதல் கட்சி சொன்னதில் தவறே இல்லை.

கிளம்பிய பந்து எங்கே விழும் என்பது காற்றின் கையில். பள்ளிக்கூடத்தில் 45 பாகையில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்று படித்தோம். அது காற்றே இல்லாத உலகத்துக் கணக்கு. உண்மையில் 25 முதல் 30 பாகைதான் நல்லது. பந்தின் மையத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே மட்டை பட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே எழும்பும். அந்தச் சுழற்சி அதைக் காற்றில் தாங்கிப் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் கீழே பட்டால் நேராக வானத்துக்கு ஏறி வேலிக்கு உள்ளேயே பிடிபடும். மேலே பட்டால் தரையில் உருளும். கிளம்பும் வேகம் 1 கி.மீ. கூடினால் தூரம் ஏறத்தாழ 1 மீட்டர் கூடும் என்பது நல்ல கைக்கணக்கு.

ஹோம் ரன் எண்ணிக்கையை நான் அதிகம் நம்பாததற்குக் காரணமும் இந்த ஒரு மீட்டர்தான். பந்தில் லேசாகக் கை வைத்தால் போதும், எண்ணிக்கை தலைகீழாகிவிடும். ஜப்பானில் இது நடந்தே இருக்கிறது. 2010-இல் அங்கே இரண்டு லீகுகளிலும் சேர்த்து 1,605 ஹோம் ரன்கள். 2011-இல் எல்லா அணிகளுக்கும் ஒரே வகைப் பந்து என்று முடிவு செய்து, துள்ளல் குறைந்த பந்தைக் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை 939-க்கு விழுந்தது, மறு ஆண்டு 881. அப்புறம் 2013-இல் திடீரென 1,311. வீரர்கள் சந்தேகப்பட்டார்கள், நிர்வாகம் மறுத்தது, கடைசியில் பந்தைச் சத்தமில்லாமல் மாற்றியதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆணையர் ரியோசோ காதோ பதவி விலகினார். அதே 2013-இல்தான் குராசோ தீவிலிருந்து வந்த விளாடிமிர் பாலென்டியென் 60 ஹோம் ரன் அடித்து ஓ-வின் 55-ஐ முறியடித்தார். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அவர் அடித்தது 31, 31. அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்த 31-களே அவருடைய மத்திய லீகில் முதலிடம். ஆனால் 31-க்கும் 60-க்கும் நடுவே உள்ள இடைவெளி முழுவதையும் அவருடைய கைகளின் கணக்கில் எழுத முடியாது.

இனி இரண்டாவது கட்சி. அவர்களுடைய வாதம் முழுவதும் நேரத்தைப் பற்றியது.

பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர். கையை நீட்டி முன்னால் பாய்ந்து விடுவதால் பந்து உண்மையில் பறப்பது சுமார் 16.8 மீட்டர்தான். கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பந்து தரையில் குத்தி வராது, ஒவ்வொன்றும் ஃபுல் டாஸ். அது சுலபம் என்று தோன்றும். மட்டை உருண்டை, பந்தும் உருண்டை, தடுத்து ஆடிக் காலத்தை ஓட்டவும் வழி கிடையாது என்பதை யோசித்தால் அந்த எண்ணம் போய்விடும்.

152 கி.மீ. வேகத்தில் புறப்பட்ட பந்து, வழியில் காற்றிடம் கொஞ்சம் வேகத்தை இழந்து, சுமார் 420 மில்லி நொடியில் வந்து சேர்கிறது. இதில் முதல் 100 மில்லி நொடி, பார்த்தது மூளைக்குப் போய்ச் சேர்வதற்கே செலவாகிறது. கடைசி 150 மில்லி நொடி மட்டை சுழல்வதற்கு. அது கிளம்பிய பிறகு பெரிதாகத் திருத்த முடியாது. மிஞ்சுவது 170. பந்து எந்த வகை, எங்கே வரும், அடிக்கலாமா விடலாமா என்ற முடிவெல்லாம் அதற்குள். அடிக்கத் தீர்மானித்த பிறகும் நூறில் ஒரு நொடி முந்தினாலோ பிந்தினாலோ பந்து ஆட்டப் பரப்பின் எல்லையான ஃபவுல் கோட்டுக்கு வெளியே போய்விடும்.

வீச்சு 141 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்த நேரம் 450 மில்லி நொடியாகிறது, முடிவெடுக்க 200 கிடைக்கிறது. அதிலிருந்து 152-க்கு மாறும்போது பறிபோவது 30 மில்லி நொடி, முடிவெடுக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஜப்பானில் இன்று சராசரி வேகப்பந்து 147-ஐ ஒட்டி வருகிறது, அமெரிக்காவில் 152-ஐ ஒட்டி. வித்தியாசம் 15 மில்லி நொடிக்குள்தான். கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவே போதும், ஒருவரைத் திணறடிக்க.

இதில் பலசாலிகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மட்டை வேகம் எடுக்க நீண்ட சுற்று வேண்டும், நீண்ட சுற்றுக்கு அதிக நேரம் வேண்டும். ஆகவே அவர்கள் முன்னதாகவே தீர்மானித்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது. வேகப்பந்தைப் பிடிக்க இன்னும் முந்திக் கிளம்பினால், வேகம் குறைத்து வீசும் பந்திலும் கடைசியில் வளையும் பந்திலும் ஏமாந்து போகிறார்கள். வேகப்பந்து செய்த வேலையின் பலனை மெதுவான பந்து அறுவடை செய்கிறது. ஸ்டிரைக் எல்லைக்குள், அதாவது அடிக்கத்தக்க இடத்தில் வந்து, தாம் மட்டையைச் சுழற்றிய பந்துகளில், முராகாமி தொட்டவை 70 சதவீதத்துக்குச் சற்று மேல். அமெரிக்கச் சராசரி 80-க்கு மேல். இரண்டாவது கட்சி தலையில் கை வைத்துக்கொண்டது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

பழக்கத்தின் பங்கும் இதில் உண்டு. பந்தின் கடைசிச் சில மீட்டரைக் கண்ணால் தொடரவே முடியாது. மூளை ஊகிக்கிறது, அந்த ஊகம் பல ஆயிரம் பந்துகளைப் பார்த்துச் சேர்த்துவைத்தது. நாடு மாறினால் அதில் பாதி செல்லாக்காசு. 2002-இல் யோமியூரி ஜயன்ட்ஸுக்கு 50 ஹோம் ரன் அடித்த ஹிதேகி மட்சுயி, மறு ஆண்டு நியூயார்க் யாங்கீஸில் அடித்தது 16. கடைசி நொடியில் தாழும் அமெரிக்கப் பந்துகளின் தலையில் அவர் மட்டை பட்டு, அடித்தவை தரையில் உருண்டுகொண்டே இருந்தன. 2004-இல் 31 அடித்தார். மூளை புதுப் பாடத்தைப் படித்து முடிக்க ஓராண்டு பிடித்திருக்கிறது.

2015-இல் தென்கொரிய லீகில் இரண்டு பேர் கொடிகட்டிப் பறந்தார்கள். நெக்சன் ஹீரோஸின் பார்க் பியோங்-ஹோ 53 ஹோம் ரன் (முந்தைய ஆண்டு 52). என்.சி. டைனோஸின் எரிக் டேம்ஸ் என்ற அமெரிக்கர் 47 ஹோம் ரன், கூடவே 40 தளத் திருட்டு (யாரும் அடிக்காமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது). சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அந்த லீகில் அப்போது வேகப்பந்து அமெரிக்காவைவிடச் சுமார் 10 கி.மீ. மெதுவாக வந்துகொண்டிருந்தது. பார்க்கை மின்னசோட்டா ட்வின்ஸ் எடுத்தது. பேச்சுவார்த்தை நடத்தும் உரிமைக்கு மட்டும் 1 கோடியே 28.5 லட்சம் டாலர். 2016 ஏப்ரலில் 140 மீட்டருக்கு மேல் ஒன்றை அடித்து அரங்கத்தை வாய்பிளக்க வைத்தார். பலம் கடல் தாண்டி வந்திருந்தது. ஆனால் 62 ஆட்டத்தில் 80 ஸ்டிரைக் அவுட், மட்டைச் சராசரி .191 (பத்து வாய்ப்பில் இரண்டு வெற்றிகூட இல்லை). டேம்ஸ் அமெரிக்காவுக்குத் திரும்பி 2017-இல் மில்வாக்கி புருவர்ஸுக்கு ஆடினார். ஏப்ரலில் மட்டும் 11 ஹோம் ரன், பருவம் முழுவதும் 31.

ஒரே லீக், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. விளைவு மட்டும் நேரெதிர். டேம்ஸ் அமெரிக்க வேகப்பந்தைப் பார்த்தே வளர்ந்தவர் என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: 2015-இல் டேம்ஸ் ஸ்டிரைக் அவுட் ஆனதைவிட, தவறான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் தளத்துக்கு நடந்தது அதிகம். பார்க் 161 முறை ஸ்டிரைக் அவுட். அந்த 53-ஐப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்த 161-ஐயும் பார்த்திருக்கலாம்.

2025 குளிர்காலத்தில் அணிகள் பார்த்தன. முராகாமிக்கு 10 கோடி டாலருக்கு மேல் கிடைக்கும் என்று பத்திரிகைகள் ஊகித்திருந்தன. டிசம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரோடு இரண்டே ஆண்டுக்கு 3.4 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. முந்தைய ஆண்டு, 2024-இல், 121 தோல்வி கண்ட அணி; இழப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை. சில நாளில் டொரான்டோ புளூ ஜேஸ், யோமியூரியின் கசுமா ஒகாமோதோவை நான்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. ஒகாமோதோ முராகாமியைவிட மூன்றரை வயது மூத்தவர். ஒரு பருவத்தில் 41 ஹோம் ரன்னைத் தாண்டியதில்லை. ஆனால் மட்டையில் பந்து படும்.

பார்க், 2017 முழுவதையும் துணை லீகில் கழித்துவிட்டு, ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்தையும் பணத்தையும் விட்டுக்கொடுத்து 2018-இல் கொரியாவுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு 113 ஆட்டத்தில் 43 ஹோம் ரன். 2019-இல் கொரிய லீகும் பந்தின் துள்ளலைக் குறைத்தது. லீகின் மொத்த ஹோம் ரன் 1,756-இலிருந்து 1,014-க்கு இறங்கியது. பார்க்குடையது 33-க்கு இறங்கியது. லீகில் அவ்வாண்டு அதுதான் முதலிடம்.