பாட்டில் எதுவாக இருக்கட்டும், சர்க்கரை தீர்ந்ததா?

கத்திரி வெயிலில் ஒருநாள், குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் காட்பாடியில் உள்ள எங்கள் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். வலது முன்னங்கையில் கட்டு. செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தால் பழுப்புக் கண்ணாடிச் சில்லுகள். கட்டைப்பையில் இன்னும் இரண்டு பாட்டில்கள், முழுதாக. "சார், சாறு கெட்டுப்போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார். எனக்குக் கை நடுங்கியது. கோணியில் சுற்றி, அசைக்காமல் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். ஐஸ் தண்ணீரில் போடலாமே என்று உதவியாளர் கேட்டார். சூடேறிய கண்ணாடிக்குத் திடீர்க் குளிர்ச்சியே விரிசல் விட வைக்கப் போதும்.

நடந்தது இதுதான். மகள் நிச்சயதார்த்தத்துக்கு இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் சேர்த்து 'ஜிஞ்சர் பீர்' போட்டிருக்கிறார்கள். பழைய பேப்பர் கடையில் வாங்கிய 650 மில்லி பீர் பாட்டில்களைக் கழுவி, இரண்டாம் நாளே ஊற்றி, சோடா மூடி அடித்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் ஏற்றிவிட்டார்கள். ஒரே இரவில் மூன்று வெடித்தன.

சாறு கெடவே இல்லை. ஈஸ்ட் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, அதுதான் சிக்கல். மறுநாள் சோதித்தபோது லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் சர்க்கரை மீதி இருந்தது. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். பீருக்குத் தேவை லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு. கடைகளில் விற்கும் கோலாவில் நான்கு வரை இருக்கலாம். இவர் பாட்டிலில் அடைத்திருந்த சர்க்கரைக்குப் பன்னிரண்டு! அதைத் தாங்கும் பாட்டிலைக் கடையில் தேடாதீர்கள்.

வெயில் கணக்கும் இருக்கிறது. சரியான அளவில் வாயு ஏறிய பீர்கூட 20 டிகிரியில் தரும் அழுத்தத்தைப்போல 40 டிகிரியில் சுமார் இரண்டு மடங்கு தரும். சூடேறினால் வாயு திரவத்தில் தங்காது. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து அதே சர்க்கரை, அதே பாட்டில் என்று செய்பவர்கள், அங்கே நிலவறையில் வைக்கிறார்கள், நாம் பரணில் வைக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் படிக்கும் என் அண்ணன் மகன் வீட்டிலேயே பீர் போடுகிறான். அங்கே அதற்குச் சட்டம் இடம் தருகிறது. இங்கே அனுமதி இல்லாமல் போட்டால் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன். "சித்தப்பா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?" என்று போனில் கேட்டான். மாதக்கணக்கில் வைத்திருந்து குடிப்பதென்றால் கண்ணாடி, அதுவும் பழுப்பு நிறம் என்றேன். கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்த்த பீரில் வெளிச்சம் பட்டால் நாற்றமடிக்கும் ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகும். வெள்ளை, பச்சைக் கண்ணாடி அதைத் தடுப்பதில்லை. பிளாஸ்டிக்கில் வேறு குறை: பெட் பாட்டிலின் சுவர் வழியாகக் கரியமில வாயு மெல்ல வெளியேறும், ஆக்சிஜன் மெல்ல உள்ளே வரும், பீரில் நனைந்த அட்டையின் வாசம் அடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்றால் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஆனால் இஞ்சிச் சாறோ வேறெதுவோ, நம் வீடுகளில் உயிருள்ள ஈஸ்டோடு பாட்டிலில் அடைப்பவர்களுக்கு நான் பெட் பாட்டிலைத்தான் சொல்வேன். காரணம் விலை அல்ல. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். முதல் நாள் அமுங்கும். நாளாக ஆக இறுகும். சோடா பாட்டில்போலக் கல்லாகிவிட்டால் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குப் போகவேண்டும். அதையும் தாண்டினால் அடிப்பாகம் பிதுங்கி, பாட்டில் சாய்ந்து நிற்கும். அதுவும் வெடிக்காது என்றில்லை. வெடிப்பதற்கு முன் காட்டிக்கொடுக்கும், வெடித்தாலும் கண்ணில் சில்லு பாயாது. கண்ணாடி கடைசி நொடி வரை அதே முகத்தோடு நிற்கும்.

பெட் என்றால் குளிர்பானம் வந்த பாட்டில் மட்டும். அடியில் ஐந்து கால்கள் பிரிந்திருக்கும். தண்ணீர் பாட்டில் வாயுவுக்கு ஆனதல்ல. கொதிநீர் ஊற்றக் கூடாது, 70 டிகிரியை ஒட்டியே இளகிச் சுருங்கிவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் கீறலில் கிருமி குடியேறும்.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள், பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் தோளையும் அடியையும் பாருங்கள். கிரேட்டில் உரசி உரசி வெள்ளை வளையம் விழுந்திருந்தால் அது பலமுறை போய்வந்த பாட்டில், பலம் குறைந்தது. இவர் கொண்டுவந்த சில்லுகளில் அந்த வளையம் தெளிவாக இருந்தது. கோலி சோடாக்காரர் காலங்காலமாகக் கண்ணாடியில்தானே விற்கிறார் என்று கேட்பார்கள். 1872இல் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவம் அது, தடித்த கண்ணாடி. உள்ளே இருப்பது அளந்து ஏற்றிய வாயு. ஈஸ்ட் இல்லை, நேரமாக ஆக அழுத்தம் பெருகாது.

நொதிக்க விடும் காலத்தில் பாத்திரத்தை இறுக மூடாதீர்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே அளவு காட்டினால்தான் சர்க்கரை தீர்ந்தது என்று பொருள். பிறகே பாட்டில், வாயு ஏறுவதற்கென்று அளந்து போடும் கொஞ்சம் சர்க்கரை. கண்ணாடியில் அடைப்பவர்கள் அதே சாற்றில் ஒரு சிறிய பெட் பாட்டிலையும் நிரப்பிச் சாட்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். இஞ்சிச் சாற்றை இனிப்பாகவே குடிக்க விரும்பினால் ஹைட்ரோமீட்டர் உதவாது. பெட் பாட்டிலில் ஊற்றி, இறுகியதும் குளிரில் வைத்து, சில நாளில் குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.

கோணியிலிருந்து எடுத்த முதல் பாட்டிலை, குளிர்ந்த பின்னரும், முகக்கவசத்தோடுதான் திறந்தேன். நுரை எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் வரை போனது. அவர் துடைத்துக்கொண்டே, "வீட்டில் இன்னும் ஒன்பது இருக்கிறது சார்" என்றார். இன்று யாரும் பரண் பக்கம் போகாதீர்கள், விடியற்காலை நாலு மணிக்குச் சூடு தணிந்ததும் ஹெல்மெட் போட்டு, முழுக்கைச் சட்டை அணிந்து, கனத்த ஜமக்காளத்தைப் போர்த்தி மெல்ல இறக்குங்கள் என்றேன். மறுநாள் போன் வந்தது. ஏழுதான் முழுதாகக் கிடைத்தனவாம்.