டூப்ளிகேட் புக்கிங்: நம்ம ஊரில் இதற்குப் பெயர் துண்டு போடுறது

‘மாப்ள, டூப்ளிகேட் புக்கிங்னு சொல்லி என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாய்ங்கடா’ என்று நண்பன் ஒருவன் போனில் புலம்பினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு வந்துவிட்டார். ‘ஏன்டா, கள்ள டிக்கெட்டா எடுத்தான் அவன்? படிச்ச பிள்ளை, போலீஸ் கேஸ் ஆயிருமே!’

அம்மா மேல் தப்பில்லை. மதுரைப் பக்கம் டூப்ளிகேட் என்றால் போலி. டூப்ளிகேட் சரக்கு, டூப்ளிகேட் பார்ட்ஸ் என்று சொன்னால் ஏமாற்று வேலை என்றுதான் காதில் விழும். சாவிக்கு மட்டும் விலக்கு, அது வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கும். விமானக் கம்பெனி சொல்லும் டூப்ளிகேட் இந்த இரண்டிலும் சேராது. நண்பன் எடுத்த இரண்டு டிக்கெட்டும் அசல், இரண்டுக்கும் காசு கட்டியிருக்கிறான். ஒரே ஆள், ஒரே தேதி, ஒரே விமானம், பதிவு மட்டும் இரண்டு.

எதற்கு இரண்டு? முன்வரிசை ஜன்னலை ஒரு டிக்கெட்டில் பிடித்தான். பக்கத்து நடு சீட்டை இன்னொரு டிக்கெட்டில் பிடித்தான், அதுவும் தன் பெயரிலேயே. கிளம்பும் நேரம் நெருங்கும்போது இரண்டாவதைக் கேன்சல் செய்தால் கொஞ்சம் பணம்தான் போகும், பக்கத்தில் ஆள் வராது, காலை நீட்டிக்கொண்டு வரலாம் என்பது கணக்கு. கம்ப்யூட்டர் முந்திக்கொண்டது. ஒரே பெயர் ஒரே விமானத்தில் இரண்டு முறை இருப்பதைப் பார்த்து ஒன்றைக் கழற்றிவிட்டது, அதுவும் எதை, ஜன்னலை. கடைசியில் அவன் நடு சீட்டில் உட்கார்ந்து, தான் பிடித்த ஜன்னலில் வேறு யாரோ தூங்குவதைப் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். டூப்ளிகேட்டின் வேர் லத்தீன். ‘டுவோ’ என்றால் இரண்டு, ‘பிளிகாரே’ என்றால் மடிப்பது, ஆக இரண்டாக மடித்தது. போலி என்ற வாசனையே அந்த வேரில் கிடையாது, அது நம்ம கடைத்தெரு ஏற்றிய பொருள். புக்கிங் இன்னும் எளிது. குதிரை வண்டிப் பயணக் காலத்தில் வண்டி ஆபீஸில் இருந்த புத்தகத்தில் பயணியின் பெயரை எழுதி வைப்பார்கள், அதுதான் புக் பண்ணுவது. நாம் பேரேடு என்கிறோமே, அது மாதிரி, ஆள் பேரை ஏட்டில் ஏற்றுவது. இன்றைக்கும் பி.என்.ஆர் என்பதை விரித்தால் பயணியின் பெயர்ப் பதிவு என்றுதான் வரும். ரயிலில் அது 10 இலக்க எண், விமானத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இடம். பெயர்தான் ஆதாரம் என்பதால்தான் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் மாட்டிக்கொள்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நகல் பதிவு’ என்று எழுதினால் இரண்டு விதத்தில் தப்பு. ஒன்று, நகல் என்பதே அரபியிலிருந்து வந்த சொல். இரண்டு, ஒன்றைப் பார்த்து எடுத்த பிரதிதான் நகல், இங்கே இரண்டும் மூலம். ‘போலிப் பதிவு’ என்றால் எங்கள் அம்மா பயந்தது சரியாகிவிடும். இரட்டைப் பதிவு என்பதுதான் பொருந்தும், வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் வந்தால் பத்திரிகைகள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகின்றன. பயணத்துக்கு இரட்டை முன்பதிவு. பதிவில் இருக்கும் ‘பதி’ நல்ல வேர், ஊன்றி நிற்பது. மல்லிகைக்குப் பதியன் போடுகிறோமே, அந்தப் பதியும் இதுதான்.

ஆனால் இரட்டை முன்பதிவு என்பது நடந்ததைத்தான் சொல்கிறது, நோக்கத்தைச் சொல்லவில்லை. தெரியாமல் இரண்டு தடவை பட்டனை அமுக்கியவனுக்கும் அதே பெயர், திட்டம் போட்டு அமுக்கியவனுக்கும் அதே பெயர். நோக்கத்தோடு சேர்த்துச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: துண்டு போடுதல். தீபாவளிக்கு முதல் நாள் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் வளைந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பறக்கும் துண்டு, கர்சீப், மஞ்சப்பை, சில நேரம் பிள்ளை. துண்டு கிடக்கும் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் சண்டை. ஒரு பஸ்ஸில் துண்டைப் போட்டுவிட்டு, பின்னால் நிற்கும் பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் ஜன்னல் கிடைக்குமா என்று அங்கே பையையும் போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் டீ குடித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் அசல் டூப்ளிகேட் புக்கிங்காரர்.

  

துண்டுக்குக் காசு இல்லை, டிக்கெட்டுக்கு உண்டு, அதனால் இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். முன்பு விமானத்திலும் காசு கட்டாமலே பெயரைக் கொடுத்து வைக்க முடிந்தது. ஆட்கள் இரண்டு மூன்று விமானத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றில் மட்டும் ஏறினார்கள். காலி சீட்டோடு பறக்க எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? இருக்கிற சீட்டுக்கு மேலேயே விற்றார்கள். இது ஓவர்புக்கிங், தமிழில் மிகைப்பதிவு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது: இரட்டைப் பதிவில் ஒரு ஆளுக்கு இரண்டு சீட், மிகைப்பதிவில் ஒரு சீட்டுக்கு இரண்டு ஆள். 1972-இல் அமெரிக்காவில் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ப் நேடரை இப்படி ஏற்றாமல் விட்டார்கள், அவர் வழக்குப் போட்டு அது 1976-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் நாட்டு விதிப்படி, ஏற்ற மறுத்தால், முதலில் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் தர வேண்டும். முடியாவிட்டால், 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு நஷ்டஈடு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேல் இழுத்தால் நான்கு மடங்கு, 20,000 வரை.

இரட்டைப் பதிவு செய்தவருக்கு இப்படி எதுவும் கிடையாது, ஒன்று கழன்றால் கழன்றதுதான். ஏஜென்ட் எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் பேருக்கு டெபிட் மெமோ, அதாவது காசு கேட்டு விமானக் கம்பெனி அனுப்பும் சீட்டு, வரும், அப்புறம் அவர் உங்களிடம் வருவார். பக்கத்து சீட் நிஜமாகவே வேண்டுமென்றால், கூடுதல் சீட் என்று சொல்லியே வாங்கலாம். வீணைக்கு அப்படிச் சீட் எடுப்பதும் உண்டு. இன்னொன்று, ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்தில் ஏறி இறங்குவது பின்கதவு வழியாக, முன்வரிசைக்குத் துண்டு போட்டவர் கடைசியாகத்தான் இறங்குவார்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லி முடித்தேன். ‘ஒரு ஆளு ரெண்டு துண்டு போட்டா கண்டக்டர் ஒண்ணைத் தூக்கி வீசத்தானே செய்வாரு’ என்றார். ‘அதுக்கு எதுக்கு இவன் போன் போட்டு அழுகுறான்?’