தண்ணீர் வாசிக்கும் ஆர்கன்

1572இல் போப் 13ஆம் கிரகோரி, திவோலியில் உள்ள வில்லா தெஸ்தே தோட்டத்துக்கு வந்தார். கல் மாடத்திலிருந்து ஆர்கன் (குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி இசைக்கும் பெரிய கருவி) இசை கேட்டது, வாசிப்பவரைக் காணோம். யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, மாடத்தின் உட்புறத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றாராம். உள்ளே ஆள் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

திவோலி ரோமுக்குக் கிழக்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள மலையூர். 1550இல் அதன் ஆளுநரான கார்டினல் இப்போலித்தோ தெஸ்தே, ஒரு செங்குத்துச் சரிவு முழுவதையும் தோட்டமாக்கினார். வடிவமைத்தவர் பிர்ரோ லிகோரியோ. அனியேனே ஆற்று நீரை ஊருக்கு அடியில் சுரங்கம் வெட்டி, சரிவின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பம்ப் கிடையாது. மூடிய குழாயில் நீர் 10 மீட்டர் இறங்கினால், ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடும். நூற்றுக்கணக்கான பீச்சுகளை உயர எழுப்புவது அந்த அழுத்தம்தான்.

சரி, ஆர்கனுக்குக் காற்று வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? வாளியில் குழாய்த் தண்ணீர் பிடிக்கும்போது கவனியுங்கள். விழும் நீர் காற்றையும் குமிழிகளாக இழுத்துக்கொண்டு அடிவரை போகும். அப்புறம் குமிழிகள் மேலே வந்து உடையும். திவோலியில் இதே வேலை ஒரு மூடிய அறைக்குள் நடக்கிறது. மேலிருந்து சுழித்து விழும் நீர் காற்றோடு அறைக்குள் பாய்ந்து, அங்கே வேகம் தணிகிறது. காற்று பிரிந்து மேலே சேர்கிறது. நீர் வெளியேறும் வழி எப்போதும் நீரால் நிறைந்தே இருப்பதால், காற்று அந்தப் பக்கமாகத் தப்ப முடியாது. ஒரே வழி, மேலே உள்ள ஆர்கன் குழல்கள். அவை பாடப் பெரிய அழுத்தம் தேவையில்லை. சில சென்டிமீட்டர் நீர்மட்டத்தின் அழுத்தமே போதும்.

வெளியேறும் நீரும் சும்மா போவதில்லை. அது ஒரு சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் ஆணிகள் பதித்த உருளையைத் திருப்புகிறது. ஒவ்வோர் ஆணியும் ஒரு கட்டையை அழுத்த, அதற்குரிய குழல் திறக்கிறது. பாட்டு முழுவதும் அந்த ஆணிகளின் வரிசையில் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். லூக் லெக்லெர் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வேலையை கிளோத் வெனார் முடித்தார். பின்னால் நெடுங்காலம் ஊமையாகக் கிடந்த ஆர்கன், 2003இல் சீரமைக்கப்பட்டு மறுபடி பாடுகிறது.

இந்த நுட்பங்களின் வேர் பழையது. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் நீராலும் காற்றாலும் இயங்கும் பொறிகளை முதல் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். லிகோரியோவும் பழமையைத் தேடியவர். அருகில் இருந்த பேரரசர் ஹேட்ரியனின் மாளிகை இடிபாடுகளைத் தோண்டி ஆராய்ந்தார். அங்கிருந்த சிலைகளும் பளிங்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

போனால் ஆந்தை நீரூற்றையும் விட்டுவிடாதீர்கள். வெண்கலப் பறவைகள் கூட்டமாகப் பாடும். ஆந்தை தலைகாட்டியதும் எல்லாம் கப்சிப். அது திரும்பிப் போனதும் மறுபடி பாட்டு தொடங்கும்.