அறிவை அளக்கும் தேர்வும் குழந்தையின் மொழியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் குழந்தைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோர் பலரிடம், வேறெங்கோ நடந்த நுண்ணறிவுத் தேர்வின் அறிக்கை ஒன்று இருக்கிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ பல பக்கங்களுக்கு விளக்கம் எழுதப்பட்டிருந்தாலும், அவர்கள் மனத்தில் பதிந்திருப்பது 72 என்றோ 81 என்றோ அதிலுள்ள ஓர் எண் மட்டுமே. "என் பையன் ஸ்லோவா மிஸ்? இனிமே வீட்டுல தமிழ் பேசாதீங்கன்னு சொல்லிட்டாங்க," என்று தாய்மார்கள் கேட்கும்போது, அந்த எண் எப்படிக் கிடைத்தது, எந்த மொழியில் கிடைத்தது என்று முதலில் விசாரிக்கிறேன். இந்தக் கேள்வியைப் பெற்றோரே தேர்வு நடக்கும் இடத்தில் கேட்கத் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய தேர்வு எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்தால் பாதி அச்சம் விலகும். வழக்கமான வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு எவ்வகை உதவி தேவை என்பதை ஆராய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் இணைந்து 1905இல் முதல் தேர்வை வெளியிட்டார். யாருக்கு உதவி வேண்டும் என்று கண்டறிவதே அதன் பணி. அறிவு என்பது பிறப்பில் அளந்து கொடுக்கப்பட்ட மாறாத அளவு என்ற கருத்தைப் பினே வெளிப்படையாக எதிர்த்தார். பயிற்சியால் கவனமும் நினைவாற்றலும் தீர்மானிக்கும் திறனும் வளரும் என்று வாதிட்டார். அத்தேர்வு அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது அதன் நோக்கமும் மாறிப்போனது. அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைப் பரிசோதித்த நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், நீண்ட கப்பல் பயணத்தை முடித்து அப்போதுதான் இறங்கியிருந்த ஏழைக் குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சோதித்த அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கோடார்ட், அவர்களில் பெரும்பகுதியினர் அறிவுக் குறைபாடு உடையவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். வந்தவர்களின் களைப்பும் அச்சமும், தாள், பென்சிலோடு அவர்களுக்கு இருந்த பழக்கக் குறைவும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. நூறாண்டுக்கு மேல் ஆகியும், மொழி புரியாமல் அமர்ந்திருக்கும் ஒருவரின் மௌனத்தை அறிவின்மையாகப் பதிவு செய்யும் ஆபத்து நீங்கிவிடவில்லை.

இன்றைய தேர்வுகளில் வரும் எண் ஓர் ஒப்பீடு மட்டுமே. ஒரே வயதுள்ள பெருந்தொகையான பிள்ளைகளைச் சோதித்து, அவர்களுடைய சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். 70க்குக் கீழே வருபவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 2 பேர். எந்த அளவீட்டுக்கும் பிழை எல்லை உண்டு என்பதால், நல்ல அறிக்கை 76 என்ற தனி எண்ணோடு நிற்காமல், உண்மையான மதிப்பு எந்த வரம்புக்குள் இருக்கக்கூடும் என்பதையும் குறிப்பிடும். நம் பிள்ளை யாரோடு ஒப்பிடப்பட்டது என்பது அதைவிடவும் முக்கியமானது. தம் வீட்டு மொழியிலேயே தேர்வு எழுதிய வேறொரு நாட்டுப் பிள்ளைகள் ஒருபுறமும், வீட்டில் தமிழும் தமிழ்ப்பள்ளியில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் பயின்று மூன்றாவது மொழியில் தேர்வுக்கு அமர்ந்த பிள்ளை மறுபுறமும் இருந்தால், கிடைக்கும் எண்ணில் அறிவு எவ்வளவு, மொழி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இயலாது.

மொழியின் செல்வாக்கு சொற்பொருள் கேட்கும் வினாக்களோடு நின்றுவிடுவதில்லை. எண்களை வரிசையாகக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் எளிய பகுதியிலும் அது நுழைகிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் வேல்ஸ் மொழியில் எண்களின் பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடச் சற்று அதிக நேரம் பிடிக்கும். இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து எல்லிஸும் ஹெனலியும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், அதே மனிதர்களால் வேல்ஸ் மொழியைவிட ஆங்கிலத்தில் நீளமான எண் வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஏறத்தாழ இரண்டு நொடிகளில் நாம் சொல்லி முடிக்கக்கூடிய அளவையே குறுகிய கால நினைவு எளிதாகத் தாங்குகிறது. ஒன்று முதல் ஒன்பது வரை ஆங்கிலத்தில் ஏழைத் தவிர மற்ற எல்லா எண்ணுக்கும் ஒரே அசைதான். நம் பேச்சுத் தமிழிலும் மலாயிலும் பெரும்பாலும் இரண்டு அசைகள், ஒன்பதுக்கு மூன்று. ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட அளவுகோலைச் சொற்களை மட்டும் மாற்றிப் பயன்படுத்தினால், பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே சற்றுப் பின்தங்கிவிடுகிறது.

சிந்திக்கும் முறையிலும் பள்ளிக்கூடம் தன் அச்சைப் பதிக்கிறது. சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானின் சிற்றூர்களுக்குச் சென்று, சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராதது எது என்று கேட்டார். எழுத்தறிவில்லாத உழவர்கள் எதையும் நீக்க மறுத்தார்கள். கட்டை இல்லாவிட்டால் ரம்பத்தால் என்ன பயன் என்பது அவர்களுடைய நியாயம். சில காலமே பள்ளி சென்றவர்கள்கூட, மூன்றும் கருவிகள், கட்டை மட்டும் வேறு என்று பிரித்தார்கள். உழவர்களின் விடையில் அறிவுக் குறை எதுவும் இல்லை. பொருள்களை வகைப்படுத்துவதைவிட அவற்றைப் பயன்படுத்துவதே அவர்கள் வாழ்க்கை கேட்ட சிந்தனை. இதே விதமான விடைகளை நம் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் நான் கேட்டிருக்கிறேன். அவை மதிப்பெண் தாளில் பூஜ்யமாகப் பதிவாகலாம். ஆனால், அந்தப் பிள்ளைக்கு வகைப்படுத்தும் வினாவை ஓரிரு எடுத்துக்காட்டுகளோடு விளக்கிக் காட்டினால், அடுத்த வினாவில் அது சட்டென்று பிடித்துக்கொள்வதுண்டு. கற்றுக்கொடுத்த பிறகு பிள்ளை எவ்வளவு தூரம் முன்னேறுகிறது என்று பார்க்கும் இம்முறை, லூரியாவைப் போலவே சோவியத் உளவியலாளரான லெவ் வைகாட்ஸ்கியின் சிந்தனையிலிருந்து வளர்ந்தது. தனியாகச் செய்ய முடிவதற்கும், அறிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பரப்பில்தான் ஒரு பிள்ளையின் நாளைய வளர்ச்சி தெரிகிறது என்றார் அவர்.

கணக்கிலும் இதுவே உண்மை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாங்குபவர் போலப் பேச்சோடு பேச்சாகக் கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடே சரியாக வந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர் என்றாலும், இந்த வேறுபாட்டை நம் இரவுச் சந்தையில் அம்மாவின் வடைக் கடைக்குப் பக்கத்தில் நின்று நீங்களும் காணலாம். நான்கு ரிங்கிட் அறுபது காசுக்குப் பத்து ரிங்கிட் நோட்டு நீட்டப்பட்டால் மீதியை யோசிக்காமல் எண்ணிக் கொடுக்கும் சிறுமி, வகுப்பில் கழித்தல் தெரியாதவளாகப் பெயர் எடுத்திருப்பாள். அவளுடைய ஆசிரியர் ஒரு முறை அந்தக் கடைக்குப் போய் வந்தால் நல்லது என்று நான் உளமார நினைக்கிறேன். அவள் எந்த வழியில் கணக்கிடுகிறாள் என்பது தெரிந்தால் அங்கிருந்து எழுத்துக் கணக்குக்குப் பாலம் போட முடியும்.

இனி வீட்டு மொழிக்கு வருவோம். இரு மொழிகள் பிள்ளையின் மூளைக்குச் சுமை என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கல்வியாளரிடையே பரவலாக இருந்தது. அக்கால ஆய்வுகள் பல, இருமொழி பேசிய ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை வசதியான ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டவை. எலிசபெத் பீலும் வாலஸ் லம்பெர்ட்டும் 1962இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரத்தில் குடும்ப நிலையைச் சமப்படுத்தி, பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை. பல பகுதிகளில் முன்னே நின்றார்கள். இருமொழி அறிவு அறிவைப் பெருக்கும் என்று இதை வைத்து நான் உறுதியளிக்க மாட்டேன், ஏனென்றால் பிற்கால ஆய்வுகள் அதில் ஒருமித்த முடிவு தரவில்லை. பிள்ளையைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதை மட்டும் தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆகவே, "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. கடைத்தெருவுக்குப் போதுமான மலாய் மட்டுமே அறிந்த ஒரு தாய், அந்த மொழியில் மகனிடம் என்ன பேசுவார்? சாப்பிடு, குளி, படு என்பதற்கு அப்பால் பேச்சு நகராது. செம்பனைக் குலை பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, தாத்தா ரப்பர் மரத்தில் பால் எடுக்க ஏன் விடியும் முன்பே கிளம்பினார், பக்கத்து வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்றெல்லாம் காரணத்தோடு விளக்கவும் மறுக்கவும் அவருக்குத் தமிழ்தான் இருக்கிறது. காரணம் சொல்லவும் ஒப்பிடவும் நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யவும் பிள்ளை பழகுவது இத்தகைய பேச்சில்தான். அப்படிப் பழகிய திறன், பின்னர் மலாயில் அறிவியல் படிக்கும்போதும் உடன் வருகிறது. பள்ளி மொழிக்கு நேரம் பிடிக்கும் என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். இரண்டாவது மொழியில் சரளமாக உரையாட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போதும் என்றாலும், பாடநூல் மொழியில் சக மாணவர்களுக்கு ஈடாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் ஆய்வுகள் காட்டின. பந்து விளையாடும்போது நண்பர்களோடு தடையின்றி மலாய் பேசும் பையன், இடைநிலைப்பள்ளியில் வரலாற்றுப் பாடம் புரியாமல் விழிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளிப் பாடத்துக்கு முன் மலாயை வலுப்படுத்தும் ஓராண்டுப் புகுமுக வகுப்புக்குப் போக நேர்ந்த பிள்ளையை அறிவில் குறைந்தவன் என்று உறவினர் பேசுவதும் இந்த வேறுபாட்டை அறியாததால்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்திசையில் நடக்கும் தவற்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மொழிதான் காரணம், வளர வளரச் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. ஏறத்தாழ 100 பிள்ளைகளில் 7 பேருக்கு, வேறு நோய் எதுவும் இல்லாமலேயே மொழியைக் கற்பதில் நிலையான இடர்ப்பாடு இருக்கிறது. அது ஒரு மொழியோடு நின்றுவிடாது, தமிழிலும் தெரியும். இரண்டு வயதில் சொற்கள் மிகச் சிலவாக இருப்பது, நான்கு வயதிலும் வெளியாருக்குப் பேச்சு விளங்காமல் இருப்பது, பள்ளி வயதில் நேற்று நடந்ததைத் தமிழிலேயே வரிசையாகச் சொல்ல முடியாமல் திணறுவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றைக் கண்டால் முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம்.

அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்ற முடிவையும் தேர்வு எண்ணை மட்டும் வைத்து எடுக்கக்கூடாது. உடுத்துதல், காசைக் கையாளுதல், ஆபத்தை உணர்தல், பிறரோடு பழகுதல் போன்ற அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்பது உறுதியாக வேண்டும். அது உறுதியானால், சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டையையோ சிறப்புக் கல்வி வகுப்பையோ அவமானமாக எண்ணி மறுக்காதீர்கள். பிள்ளைக்கு உரிய உதவி அவற்றின் வழியாகத்தான் வருகிறது.

தேர்வுக்கு நாள் குறித்துவிட்டால், எந்த மொழியில் நடக்கும், பிள்ளைக்குத் தமிழில் விளக்க ஆள் உண்டா, சொற்களைச் சாராத பகுதிகள் தனியாகக் கணக்கிடப்படுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வடிவங்களைப் பொருத்தும் ரேவனின் தேர்வு 1938இலிருந்து வழக்கில் இருக்கிறது. அதுவும் வளர்ப்புச் சூழலிலிருந்து முற்றிலும் விடுபட்டதன்று. பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் உயர்ந்து வந்ததை நியூசிலாந்து ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் தொகுத்துக் காட்டியபோது, பெரிய உயர்வு இவ்வகைத் தேர்வுகளிலேயே தெரிந்தது. வரும்போது பிள்ளையின் பள்ளிக் குறிப்பேடு, இளமையில் பார்த்த கிளினிக்கின் அட்டை, செவி, கண் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றோடு, பிள்ளை வீட்டில் ஒரு சம்பவத்தைத் தமிழில் சொல்லும் சில நிமிட ஒலிப்பதிவையும் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். பிள்ளையை வளர்ப்பது பாட்டியாக இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். எந்த வயதில் எந்தச் சொல் வந்தது என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.