எம்டன்: ஆற்றுமுகம் ஆளான கதை

“அவன் சரியான எம்டன், அவன்கிட்ட வாயைக் கொடுக்காதே.” இதைக் கேட்டதும் மீசையும் முறைப்புமாக ஓர் ஆள் மனதில் வந்து நிற்கிறான். சொல்லின் தலையில் எமன் இருப்பதுபோல் ஒலிக்கிறது, வாலில் ‘அன்’ விகுதி இருப்பதுபோல் தெரிகிறது. இரண்டுமே தோற்றம்தான். எம்டன் ஆள் அல்ல, ஜெர்மன் போர்க்கப்பல். கப்பலுக்கும் முன்னால் அது ஓர் ஊர்.

வெளியிலிருந்து வந்த சொல் என்பதற்கு எழுத்தே சாட்சி. தமிழில் மகர மெய்யை அடுத்து டகரம் வராது. நண்டு உண்டு, நம்பு உண்டு, ‘ம்ட’ கிடையாது. மலையாளிகள் அதை ‘யமண்டன்’ என்று நாவுக்கு இணக்கமாக்கிக்கொண்டார்கள். அங்கே பொருளும் ஊதி, ‘மிகப் பெரிய’ என்றாகிவிட்டது. நாமோ ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஆண்பால் கொடுத்துவிட்டோம்.

சரி, ஊருக்கு வருவோம். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது எம்டன் துறைமுகம். அதன் பழைய பெயர் வடிவம் ‘அமுதோன்’. (நம் ஊர்ப் பையனின் பெயர் போலவே இருக்கிறது!) அதில் முன்பாதி ஆறு, பின்பாதி வாய் என்று பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். ஆற்றின் வாய். தமிழில் கழிமுகம், முகத்துவாரம், கயவாய் என்று பல சொற்கள் இதற்கு இருக்கின்றன. எனக்குப் பிடித்தது ‘புகார்’. காவிரி கடலில் புகுந்த இடத்தில் இருந்த பட்டினத்துக்கு அதுதானே பெயர். அப்படிப் பார்த்தால் எம்டனுக்கு நேரான தமிழ் புகார். காவல் நிலையத்தில் கொடுக்கிற புகார் உருது வழி வந்த வேறு சொல், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த ஊருக்கு 1495இல் ஜெர்மன் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் ஒரு சின்னம் அளித்தார். கறுப்புப் பின்னணியில் கீழே அலைகள், அவற்றின் மேல் கோட்டை மதில், மதிலுக்கு மேலே பாதி உடல் தெரிய எழும் ஒரு பொன்னிற உருவம். முகம் பெண்ணுடையது, உடல் கழுகுடையது, தலையில் மகுடம். அப்பகுதியை ஆண்ட சிர்க்செனா குடும்பத்தின் சின்னத்திலிருந்து வந்தது இது. ஊர்க்காரர்கள் செல்லமாக ‘மதில்மேல் குட்டித் தேவதை’ என்கிறார்கள். நமக்கு மதில்மேல் பூனைதான் பழக்கம். நகரங்களின் பெயர் சூட்டிய ஜெர்மன் போர்க்கப்பல்களின் மூக்கில் அந்தந்த ஊர்ச் சின்னத்தைப் பதிப்பது அன்றைய வழக்கம். இப்படிப்பட்ட சின்னத்தை இன்று ‘இலச்சினை’ என்கிறோம். அதைவிடப் பழைய, குட்டையான சொல் ‘பொறி’. புகார்த் துறையில் சுங்கம் கொள்வோர் மூட்டைகளில் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது.

கப்பல் 1908 மே 26 அன்று டான்சிக்கில் நீரில் இறங்கியது. அந்த ஊர் இன்று போலந்தின் க்தான்ஸ்க். பெயர் சூட்டியவர் எம்டன் நகர மேயர். மூன்று புகைபோக்கி, 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து. சீனக் கடற்கரையில் வெள்ளை வண்ணம் பூசி நின்ற காலத்தில் ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கியது. முதல் உலகப்போர் வந்ததும் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் அதில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே தெரியும். நம் சொல்லில் இருக்கிற தந்திரக்காரன் என்ற பொருளுக்கு இந்தப் பொய்க் குழாய் நன்றாகவே பொருந்துகிறது.

பயம் என்ற பொருள் வந்தது 1914 செப்டம்பர் 22 இரவில். மணி ஒன்பதரை இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்ற எம்டன், விளக்கடித்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத் தேடிப்பிடித்துச் சுட்டது. சுமார் 125 குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் உயிர்கள் போயின. பிரிட்டிஷ் தரப்பு சுதாரிப்பதற்குள் எம்டன் இருளில் மறைந்துவிட்டது. அப்புறம் நகரமே மூட்டை கட்டியது. உயர் நீதிமன்ற மதிலில் இன்றும் அதற்கொரு கல்வெட்டு இருக்கிறது. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று இன்றும் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.

நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் எம்டன் அடிபட்டுப் பவளப்பாறையில் ஏறி நின்றது. 1925இல் நீரில் இறக்கிய அடுத்த எம்டனின் மூக்கில், பழைய கப்பலின் நினைவாக இரும்புச் சிலுவையைப் பதித்தார்கள்.

இப்போது இதற்குத் தமிழ்ச் சொல் எது? ‘எத்தன்’ என்றால் ஏமாற்றுக்காரன், பயம் வராது. ‘எமகாதகன்’ பொருளில் நெருங்குகிறது, ஆனால் அது வடமொழி. ‘கில்லாடி’ இந்தியிலிருந்து வந்தது. ‘கொம்பன்’ நல்ல தமிழ், மிடுக்கு இருக்கிறது, தந்திரம் இல்லை. ‘கண்டிப்பானவர்’ என்று எழுதினால் பள்ளிக்கூட நற்சான்றிதழ் மாதிரி ஆகிவிடும். நான் எழுதினால் எம்டன் என்றேதான் எழுதுவேன்.

ஆனால் அரசுக் கோப்புகளில் அது செல்லவில்லை. கண்டிப்பான அப்பாவைக் குறித்து ‘எம்டன் மகன்’ என்று பெயர் வைத்த படம், தமிழ்ப் பெயர்களுக்கு வரிவிலக்கு என்று அரசு அறிவித்ததும் 2006இல் ‘எம் மகன்’ என்று வெளியானது. ‘டன்’ போனதும் தமிழாகிவிட்டது.