பைபாப் இயந்திரத்துக்குக் காப்பை அடகு வைக்க வேண்டாம்

கடந்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மாவுக்கு நள்ளிரவில் முட்டு கூடிவிட்டது. மகன் பதறிப்போய் ஓட்டோவில் ஏற்றி ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினான். "பைபாப் போட வேண்டும், முற்பணம் கட்டுங்கள்" என்றார்கள். விடிந்ததும் தாயின் காப்புச் சோடியை அடகு வைத்தான். அதே இயந்திரத்தை அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் வாங்காமல் பொருத்துவார்கள் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. நான்காக மடித்த அடகுச் சீட்டை அவன் என்னிடம் நீட்டிய அன்றே இதை எழுத நினைத்தேன்.

பைபாப், சீபாப் இரண்டும் தொண்டைக்குள் குழாய் இறக்காமல், முகத்தில் இறுக்கிக் கட்டும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் இயந்திரங்கள். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் முற்றி, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு தேங்கியவருக்கு பைபாப் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர் தப்பும் வாய்ப்பு கூடும், குழாய் போட வேண்டிய தேவையும் குறையும். இருதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் இந்த முறை உதவும். அரச வைத்தியசாலை விடுதியில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் எல்லா அரச வைத்தியசாலைகளிலும் இந்த இயந்திரம் இருக்காது. முதலில் போய்ச் சேர்வது கிராமத்துச் சிறு வைத்தியசாலையாக இருந்தால் ஒட்சிசன் மட்டும் வைத்துவிட்டு "பார்ப்போம்" என்பார்கள். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இங்கே பைபாப் உண்டா? இல்லையென்றால் திருகோணமலைக்கு எப்போது அனுப்புவீர்கள்?" இடம் மாற்றுவது வைத்தியசாலையின் பொறுப்பு. அம்புலன்ஸும் அவர்களுடையதே. "நீங்களே வாகனம் பிடித்துக் கொண்டு போங்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒட்சிசன் இல்லாமல், மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ வேனின் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவரும் தூரமல்ல அது. வீட்டில் வைத்தே மூச்சு முட்டினால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

வண்டியில் ஏற்றும்போதே "இவருக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்" என்று சொல்லி கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். இந்த நோயாளர்களுக்கு இரத்தத்தின் ஒட்சிசன் அளவை 88 முதல் 92 வீதத்துக்குள் வைக்க வேண்டும். அதிகமாகக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு இன்னும் கூடி மயக்கமாகிவிடலாம். கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விடுதியில் முகமூடி போட்ட பிறகு, உறவினர்கள் ஆசையோடு அதைக் கழற்றி தேத்தண்ணீர் பருக்குகிறார்கள். செய்யாதீர்கள். எப்போது கழற்றலாம் என்று தாதியிடம் கேளுங்கள். வாந்தி வருவதுபோல் இருந்தால் தாமதிக்காமல் தாதியைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. "வீட்டுக்கும் ஒரு மெஷின் வாங்குங்கள்" என்று எங்கிருந்தோ ஒரு விற்பனையாளரின் இலக்கம் கைக்கு வரும். அவசர நிலை தணிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இரத்த வாயுப் பரிசோதனையை மறுபடி செய்து பார்த்த பின்னர்தான் வீட்டு இயந்திரம் தேவையா என்று சொல்ல முடியும். அது வரைக்கும் கடன் வாங்காதீர்கள். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் ஒட்சிசன் கொன்சன்ட்ரேட்டரை பைபாப் என்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை.

பணம் இல்லாதவர்கள் கையேந்தும் இடம் ஜனாதிபதி நிதியம். 2025 பெப்ரவரியிலிருந்து இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். நிதியம் பட்டியலிட்ட நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் மட்டுமே உதவி, குடும்ப வருமானத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே செலவு செய்வதற்கு முன்னரே போய், உங்கள் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று கேளுங்கள்.

ஆட்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் முகவரிதான். வெருகலில் வாக்காளர் இடாப்பில் பெயருள்ள தாய், டவுனில் மகள் வீட்டில் இருந்து மருந்து எடுப்பார். திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் "வெருகலுக்குப் போங்கள்" என்பார்கள், வெருகலில் "இப்போது இங்கே இல்லையே" என்பார்கள். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தை எழுத்தில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளையும் விசாரித்துக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு திரும்பும் பஸ் காசாவது மிஞ்சும்.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, டயக்னோசிஸ் கார்டில் இன்னொரு எழுத்து என்றால் கோப்பு அப்படியே மேசையில் கிடக்கும். வீட்டுக்கு விடும் அன்றைக்கே, விடுதியை விட்டு இறங்குவதற்கு முன், அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக் கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால், எழுதிய வைத்தியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

படிவம் சிங்களத்தில் நீட்டப்பட்டால் தமிழில் கேளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. இது அரசியலமைப்பு சொல்வது, யாரும் இரங்கித் தரும் சலுகை இல்லை.

விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். அது இல்லாவிட்டால் "உங்கள் கோப்பே வரவில்லை" என்று சொல்லிவிடலாம். முத்திரை இருந்தும் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். விடயம் விண்ணப்பிப்பவரின் உயிரோடும் ஆள் சுதந்திரத்தோடும் தொடர்புடையது என்றால் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தர வேண்டும். கடிதத்தின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.