கயாக் கையுறையும் விரல் நுனியின் மடையும்

டொரண்டோவிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏப்ரலில் ஒன்ராறியோ ஏரியில் கயாக் ஓட்டப் போகிறோம். எவ்வளவு தடிமனான கையுறை வாங்கலாம்?" அந்த மாதம் காற்று இதமாக இருந்தாலும் ஏரித் தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கயாக் என்ற அந்த ஒடுக்கமான துடுப்புப் படகு கவிழ்ந்தால் கை அந்தத் தண்ணீரில்தான் கிடக்கும்.

அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள் அதைத் தடுக்கின்றன. தோல் நனைந்தாலும் குமிழ்கள் இருந்தால் போதும் என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் கலிபோர்னிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். சரி, ஆனால் கையுறை இருக்கிற வெப்பத்தைக் காக்கும், அவ்வளவுதான். விரலுக்கு அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் எலும்பும் தசைநாணும் தோலும்தான் அதிகம் என்பதால், அதற்கு வேண்டிய சூட்டை ரத்தம்தான் கொண்டுவர வேண்டும். விரல் நுனியிலும் உள்ளங்கையிலும், நுண்குழாய்களைச் சுற்றாமல் தமனியிலிருந்து நேராகச் சிரைக்குப் போகும் குறுக்குவழிகள் ஏராளம். வாய்க்கால் மடையைப் போல நரம்பு மண்டலம் அவற்றைத் திறக்கும், மூடும். குளிர் பட்டதும் மூடிவிடும். விரல் வெளிறி மரத்துப்போகும்.

இதற்கு அப்புறம் நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1930இல் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், ஐஸ் தண்ணீரில் வைத்த விரலின் வெப்பநிலையை அளந்து எழுதினார். அது கிடுகிடுவென இறங்கியது. ஐந்து, பத்து நிமிடங்களில், விரல் ஐஸிலேயே இருக்கும்போது, தானாக ஏறத் தொடங்கியது. பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. வெப்பத்தைச் சேமிக்க வேண்டிய நேரத்தில் உடல் மடையைத் திறந்து திறந்து மூடுகிறது! கடும் குளிரில் குழாய்ச் சுவரின் தசையே தளர்ந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ரத்தக் குழாயைச் சுருங்கச் செய்யும் வேதிப்பொருளை நரம்பு முனைகள் விடுவிப்பது தடைபடுகிறது என்பது இன்னொன்று. விவாதம் இன்னும் ஓயவில்லை. கனடாவின் காஸ்பே மீனவர்கள் குளிர்ந்த நீரில் கையை வைத்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் விரல்கள் சூடாக இருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடனடி லாபம் தராத இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நமக்கு வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்துபோனால் இந்தத் திறப்பு தாமதமாகும், பலவீனமாகும். ஆகவே முதல் செலவு ட்ரைசூட் என்ற தண்ணீர் புகாத முழு உடைக்கும் தொப்பிக்கும். ஒரு வாய் பிராந்தி கையைச் சூடாக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். அது உள்ளிருக்கும் வெப்பத்தைத் தோல் வழியாக வெளியேற்றிவிடும்.

அப்புறம் கையுறை. ஒட்டித் தைத்த, விரல் வளைந்த வடிவிலேயே வார்த்த 3 மில்லிமீட்டர் நியோப்ரீனில் தொடங்கலாம். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டத்தை நெருக்கும். தொளதொளவென்றால் உள்ளே புதுத் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும். மிகத் தடித்ததைப் போட்டால் துடுப்பைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் ரப்பரோடு மல்லுக்கட்டி முன்கை சோர்ந்துவிடும். துடுப்பில் மாட்டும் 'போகீஸ்' உறைக்குள் வெறுங்கையால் பிடிக்கலாம், விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்திருக்கும், காற்றும் சாரலும் படாது. எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் கவிழ்ந்து கை வெளியே வந்தால் பாதுகாப்பில்லை. உள்ளே மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், கை சூடாக இருக்கும்போதே மாட்டுங்கள். கிளம்புமுன் கரையிலேயே அதை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் இழுப்புப் பட்டையைத் தேடி இழுத்துப் பாருங்கள்; கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். பட்டை கைக்குச் சிக்கவில்லை என்றால் அந்தக் கையுறையோடு தண்ணீரில் இறங்க வேண்டாம்.